காலம், கட்டை, களிப்பு: ஒரு செவியானாஸ் பாட்டைக் கேட்கும் முறை

கைப்பேசிச் செயலியில் ஒரு பாட்டைப் போட்டால் மூன்று விவரம் வந்து விழும்: நிமிடத்துக்கு இத்தனை அடி, இன்ன ஸ்கேல், இன்ன மனநிலை. சினிமாப் பாட்டுக்கு இது ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவின் திருவிழாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கிச் சொல்லலாம். ஸ்கேலை மாற்றிச் சொல்லலாம். 'மைனர்' என்று தோன்றிய கையோடு 'சோகம்' என்றும் முத்திரை குத்திவிடலாம். பதிவிலோ ஒரு கூடாரம் நிறைய ஆட்கள் கைதட்டிக் கூவிக்கொண்டிருப்பார்கள்.

இந்த மூன்றையும் நாமே காதால் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயம். தேவையானவை: நொடி காட்டும் கடிகாரம் ஒன்று, சுருதிப்பெட்டி ஒன்று (கைப்பேசியில் இருப்பதே போதும்), இரண்டு கைகள். எடுத்துக்கொண்டிருக்கும் வகையும் ஒன்றே ஒன்றுதான், செவியானாஸ். இதன் கட்டுக்கோப்பு அவ்வளவு கறாரானது. ஒரு பாட்டில் பிடிபட்டுவிட்டால் மற்ற எதைக் கேட்டாலும் 'இப்போது எங்கே நிற்கிறோம்' என்று சொல்லிவிடலாம்.

பாட்டின் ஊர்

பெயரிலேயே ஊர் இருக்கிறது: செவியா. ஆங்கில வரைபடங்களில் செவில். வசந்தகாலத்தில், ஈஸ்டர் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில், அங்கே ஃபேரியா என்ற பெருவிழா நடக்கும். 1847-இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது அது. செவியாவின் அடையாளமே இதுதான் என்று இன்று சொல்கிறார்கள்; ஆனால் அந்தச் சந்தைக்கு யோசனை சொன்ன நகரசபை உறுப்பினர்கள் இருவரில் ஒருவர் பாஸ்க் நாட்டுக்காரர், இன்னொருவர் கத்தலோனியர். மாடுகள் எப்போதோ போய்விட்டன. 1973 முதல் ஆற்றுக்கு அக்கரையில் லோஸ் ரெமேதியோஸ் பகுதியில் விழா நடக்கிறது. மஞ்சள் மணல் பரப்பிய தெருக்கள், காகித விளக்குகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுபோட்ட துணிக் கூடாரங்கள். ஒவ்வொரு கூடாரமும் கசேத்தா. பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கோ நண்பர் குழுவுக்கோ சொந்தமானது. நள்ளிரவில் நுழைவாயில் வளைவின் விளக்குகள் எரிந்ததும் விழா தொடங்கும். அப்புறம் கசேத்தாவுக்குக் கசேத்தா ஓயாமல் கேட்பது செவியானாஸ்தான்.

இந்தப் பாட்டின் தாய்வீடு வேறு. காஸ்தீயா, லா மாஞ்சா சமவெளிகளில் பாடிய செகிதீயா என்ற பழைய ஆடல்பாட்டிலிருந்து வந்தது இது. 1615-இல் வெளிவந்த 'தோன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்திலேயே செகிதீயா பற்றிய பேச்சு உண்டு. தெற்கே இறங்கியபோது செகிதீயாவின் யாப்பு கூடவே வந்தது: ஏழு அசை, ஐந்து அசை, ஏழு, ஐந்து, அதற்குப் பின் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஒரு குட்டி வால். மெட்டில்தான் அந்தலூசிய மண் ஒட்டிக்கொண்டது. இந்த மண்ணை ஸ்கேல் பகுதியில் பார்ப்போம்.

முதலில் எலும்புக்கூடு

வேகத்துக்குப் போகும் முன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்கே எண்ணத் தொடங்குவது என்றே தெரியாது.

ஒரு செவியானாஸ் என்பது நான்கு கோப்லாக்கள் கொண்ட ஒரு தொகுதி. கோப்லா என்பதை நம் கணக்கில் ஒரு சரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்லாவும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் கிட்டார். பிறகு பாடுபவர் ஒரு சிறு அடியை எடுத்துவிட்டு நிறுத்துவார். இதற்கு சலீதா, அதாவது புறப்பாடு என்று பெயர். ஆடுகிறவர்கள் அதுவரை எதிரெதிரே நின்றுகொண்டிருப்பார்கள். மறுபடி கொஞ்சம் கிட்டார். அதன் பிறகு பாட்டின் உடல், மூன்று பகுதிகளாக. மூன்றாவது பகுதியின் கடைசி அடியில் குரல், கிட்டார், கைதட்டு, ஆட்டம் எல்லாம் ஒரே வெட்டில் நின்றுவிடும். ஆடியவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி சிலையாக நிற்பார். இந்த நிறுத்தத்துக்கு பியென் பராதோ என்று பெயர். 'நன்றாக நின்றது' என்று அர்த்தம். அவ்வளவுதான், ஒரு கோப்லா முடிந்தது. இப்படி நான்கு முறை.

இந்த நீளம் பாட்டுக்குப் பாட்டு மாறுவதில்லை. போன வாரம் எழுதிய பாட்டானாலும் நூறு வருஷப் பாட்டானாலும் ஆட்டம் அதே இடத்தில் நிற்கும். முன்பின் பார்த்திராத இரண்டு பேர், கேட்டே இராத ஒரு பாட்டுக்கு எழுந்து ஒன்றாக ஆடி ஒன்றாக நிற்க முடிவது இதனால்தான். நான்கு கோப்லாக்களும் ஒரு காதல் கதை என்று சொல்வதுண்டு: சந்திப்பு, நெருக்கம், ஊடல், கூடல். மூன்றாவதில் காலால் தரையைத் தட்டும் சப்பத்தேயாதோ வருவதைப் பார்த்தால் ஊடல் என்று சொன்னவரின் ரசனையைப் பாராட்டத் தோன்றுகிறது. மற்றபடி இது ஆட்டம் சொல்லித்தருகிறவர்களின் நினைவுக்குறிப்பு. பாட்டு வரிகளில் அந்தக் கதை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

காலம்

செவியானாஸ் மூன்று எண்ணிக்கைச் சுற்று. ரூபகத்தை மூன்றாகப் போடுவோமே, தட்டு, தட்டு, வீச்சு, அதே கணக்கு. ஆட்ட ஆசிரியர்கள் இரண்டு சுற்றைச் சேர்த்து ஆறு வரை எண்ணுவார்கள். கிட்டார்க்காரரின் விரல்களும் அந்த ஆறைத்தான் ஒரு மூச்சாகக் கருதுகின்றன.

முதல் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து, 'ஒன்று' என்ற இடத்தில் காலால் தரையைத் தட்டுங்கள், இரண்டிலும் மூன்றிலும் கை. கால், கை, கை. நம்மில் பலருக்கு இது பத்து நொடியில் குலைந்துவிடும். ஆதி தாளத்திலேயே ஊறிய காது எதையும் நாலாக்கப் பார்க்கும். எனக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் மாடியிலிருந்து 'என்னடா அங்கே இடிக்கிற' என்று கேட்டார்கள். குலைந்தால் நிறுத்திவிட்டு, கிட்டாரின் தாழ்ந்த தந்தி எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் 'ஒன்று'.

கால் நிலைத்ததும் கடிகாரத்தை எடுங்கள். பாட்டின் உடல் ஓடிக்கொண்டிருக்கும்போது 20 நொடியில் எத்தனை முறை கால் விழுகிறது என்று எண்ணுங்கள். அதை மூன்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை சுற்று. மறுபடி மூன்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை அடி. 20 நொடியில் 20 சுற்று என்றால் 60 சுற்று, 180 அடி. ஆடுவதற்கென்று பாடும் செவியானாஸில் சுற்றுக்கு ஒரு நொடி என்பது கைவசம் வைத்துக்கொள்ளத்தக்க குத்துமதிப்பு. நான்கு கோப்லாவும் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் முடியும்.

இப்போது செயலி ஏன் உளறுகிறது என்பது புரியும். 180-ஐ அது இரண்டிரண்டு அடியாகச் சேர்த்து 90 என்று சொல்லக்கூடும். சுற்றுக்கு இரண்டு சம அடி என்று பிரித்து 120 என்றும் சொல்லலாம். கணக்காகப் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. ஆனால் 90 என்ற எண்ணைப் பார்ப்பவர் ஒரு தாலாட்டைக் கற்பனை செய்துகொள்வார். ஆகவே வேகத்தை எழுதும்போது அடியை மட்டும் எழுதாதீர்கள். 'மூன்றெண்ணிக்கை, நிமிடத்துக்கு 60 சுற்று' என்று முழுதாக எழுதுங்கள்.

எல்லாம் ஒரே வேகம் என்றும் எண்ண வேண்டாம். செவியாவில் பழைய பொதுமுற்றக் குடியிருப்புகள் இருந்தன. சென்னையின் 'ஸ்டோர்' வீடுகளைப் போல, ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனம். அந்த முற்றங்களின் பெயரைத் தாங்கிய கொர்ராலேரா வகை விறுவிறுவென்று போகும். இன்னொரு வகை ரோசியேரா. பெந்தெகொஸ்தே சமயத்தில் வெல்வா மாவட்டத்தின் எல் ரோசீயோ கிராமத்துக்கு மக்கள் நடந்தும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் போகிற யாத்திரையோடு சேர்ந்தது அது. ஒற்றை ஆளே ஒரு கையால் குழலும் மறு கையால் தம்போரில் என்ற முழவும் வாசித்தபடி முன்னே நடப்பார். நடைக்கும் வண்டிக்கும் வழிபாட்டுக்கும் ஏற்ப இந்தப் பாட்டுகளில் பல நிதானமானவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எண்ணிக்கை அதே மூன்றுதான், ஆனால் உடம்பு வேறு மாதிரி அசையும்.

மேடையில் அல்லாமல் கூடிப் பாடிய பதிவு கிடைத்தால் முதல் கோப்லாவையும் நான்காவதையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

கட்டையும் ஸ்கேலும்

'என்ன ஸ்கேல்?' என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கின்றன. ஆதார சுருதி எது என்பது ஒன்று. அதன் மேல் எந்தச் சுரங்கள் என்பது இன்னொன்று. நம் கச்சேரி ரசிகருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை வேறு, ராகம் வேறு. செயலிதான் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைக்கிறது.

கட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செவியானாஸ் வாசிக்கும் கிட்டார்க்காரர் தந்திகளின் குறுக்கே செஹியா என்ற சிறு கவ்வியை மாட்டுவார். நம் கிட்டார்க்காரர்கள் கேப்போ என்பார்கள். விரல்கள் எப்போதும் பிடிக்கும் வடிவத்தையே பிடிக்கும். பாடுகிறவர் குரலுக்கேற்ப கவ்வி மட்டும் நகரும். 'மி' (ஆங்கிலத்தில் E) வடிவத்தில் வாசிக்கிறவர் மூன்றாம் கட்டத்தில் கவ்வியைப் போட்டால் மூன்று கட்டை, ஐந்து கட்டையாகிவிடும். எனவே இந்தப் பாட்டு 'இந்த ஸ்கேலில்தான்' என்று யாராவது சொன்னால், அந்தப் பதிவில் அந்தக் குரலுக்கு அப்படி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுர அமைப்புதான் சுவாரசியமான இடம். செவியானாஸில் மூன்று குடும்பம் உண்டு. மேஜர்: நம் சங்கராபரணத்தின் சுரங்கள். மைனர்: நடபைரவியின் சுரங்கள், முடிவை நெருங்கும்போது நிஷாதம் உயர்ந்து கீரவாணியாகிவிடும். மூன்றாவது, மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் ஃப்ரிஜியன் என்று பெயர் பெற்ற அந்தலூசியக் குடும்பம். சுரங்களை மட்டும் பார்த்தால் அனுமத்தோடி. ராகம் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தோடியின் கமகம், பிடி, நடை எதுவும் இங்கே இல்லை. சுரக்கட்டு ஒன்று, அவ்வளவே.

இந்த மூன்றாவதின் முத்திரை ஓர் இறக்கம். கிட்டாரில் லா மைனர் (A மைனர்), சோல் (G), ஃபா (F), மி (E) என்று நான்கு கார்ட் படியிறங்கும். மி என்பதை ஸ என்று வைத்தால், ம, க, ரி, ஸ என்று அடிசுரங்கள் இறங்குகின்றன. வேடிக்கை கடைசிப் படியில். அங்கே விழும் கார்ட் மி மேஜர்; அதற்குள் இருப்பது அந்தர காந்தாரம். ஆனால் இறங்கி வந்த வழியில் இருந்தது சாதாரண காந்தாரம். ஆக, தோடியின் காந்தாரமும் வகுளாபரணத்தின் காந்தாரமும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. இரண்டும் உரசும் அந்த ஒரு நொடி போதும், கேட்பவருக்கு 'ஸ்பெயின்' என்று தோன்றிவிட.

செயலி ஏமாறுவதும் இங்கேதான். சுரங்களை எண்ணிப் பார்க்கிறது. லா மைனருக்கான சுரங்கள் எல்லாம் இருக்கின்றன. 'லா மைனர்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதன் கணக்கில் பாட்டு வீடு வந்து சேராமல் திண்ணையிலேயே நின்றுவிட்டது. அந்தலூசியக் காதுக்கோ அந்தத் திண்ணைதான் வீடு.

சுருதிப்பெட்டி சோதனை இதைத் தீர்த்துவைக்கும். ஒரு கோப்லாவின் கடைசி நிறுத்தம் வரை கேளுங்கள். நின்ற இடத்தின் அடிசுரத்தை முனகிப் பிடித்து, பெட்டியை அதற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதே கோப்லாவை மறுபடி ஓடவிடுங்கள். நிறுத்தம் பெட்டியோடு கலந்து ஓய்ந்துபோனால் நீங்கள் பிடித்தது ஆதாரம். இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் தொங்கினால், பெட்டியை மத்திமத்துக்கு ஏற்றி மறுபடி கேளுங்கள். அப்போது ஓய்வு கிடைத்தால் பாட்டு உண்மையிலேயே மைனர். செயலி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆதாரம் கிடைத்தபின் ஒரே கேள்விதான் மிச்சம்: அதற்கு மேலே அரைச்சுரத்தில், சுத்த ரிஷபத்தில், அடிக்கடி கை வைக்கிறார்களா? வைத்தால் மூன்றாவது குடும்பம்.

ஒரு எச்சரிக்கை. பாட்டு முழுக்க ஒரே குடும்பத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். மைனரில் தொடங்கி, எல்லாரும் சேர்ந்து பாடும் திருப்பத்தில் மேஜருக்கு மாறுவது புதிய செவியானாஸில் சகஜம். இதை 'சோகத்திலிருந்து மகிழ்ச்சிக்கு' என்று எழுதிவிடும் ஆசை வரும். வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில்.

களிப்பு எங்கிருந்து வருகிறது

மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துக்கம் என்பது மேற்கத்திய இசை வகுப்பின் முதல் நாள் பாடம். ஸ்பெயினின் விழாப் பாட்டுகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. அரகோன் பகுதியின் ஹோத்தா அந்தப் பாடத்துக்கு நல்ல பிள்ளை: மேஜர், இரண்டே முக்கிய கார்ட், துள்ளல். ஆனால் ஸ்பெயினின் குழந்தைகள் எல்லாரும் அறிந்த கிறிஸ்துமஸ் பாட்டு 'லோஸ் பெசேஸ் என் எல் ரீயோ' மைனர். மாதா துணி அலசித் தலைவாரும்போது ஆற்று மீன்கள் குடித்துக் குடித்துக் கொண்டாடுகிற பாட்டு அது. ஹெரேஸ் நகரில் டிசம்பர் மாதக் கூடல்களில் பாடுவதைக் கேட்டால் மைனர் என்ற நினைப்பே வராது. மண்பானை வாயில் தோல் கட்டி, நடுவில் செருகிய குச்சியை ஈரக்கையால் உருவி, உறுமலாக ஒலிக்கும் சம்போம்பா. முள்முள்ளான அனீஸ் மதுப்புட்டியைக் கரண்டியால் பரபரவென்று உரசும் ஒருவர். இதற்கு நடுவே யார் துக்கப்படுவது?

செவியானாஸுக்கும் இதே விடைதான். களிப்பு சுரத்தில் இல்லை, சுற்றி நிற்பவர்களிடம் இருக்கிறது. மூன்று இடங்களில் அதைக் கேட்கலாம்.

ஒன்று, பால்மாஸ் என்ற கைதட்டு. அதில் இரண்டு ரகம். உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் மந்தமான ஒலி, பாடும்போது இது. விரல்களை மறுகை உள்ளங்கையில் அறைந்தால் பளீரென்ற ஒலி. சூடு ஏறும்போது இது. ஒருவர் அடியில் தட்ட, இன்னொருவர் இடைவெளியில் தட்டுவார். சிலர் காஸ்தனுவேலாஸ், அதாவது விரல்சிப்பிகள் வைத்திருப்பார்கள். வலக்கைச் சிப்பிக்கு 'பெண்' என்று பெயர், ஒலி சற்று உயர்ந்தது. இடக்கையில் 'ஆண்', தாழ்ந்தது. இரண்டையும் பிரித்துக் கேட்கக் காது பழகினால் தாளம் தானே விரியும்.

இரண்டு, ஹலேயோ. பாட்டின் நடுவே 'ஓலே' என்றும் 'அப்படித்தான்' என்றும் விழுகிற கூவல்கள். நம் சபாஷ், பலே மாதிரி. ஆனால் முடிந்ததும் போடும் பாராட்டு அல்ல. ஆடுகிறவரைப் பிடித்துத் தள்ளும் கை.

மூன்று, அந்த நிறுத்தம். என்னைக் கேட்டால் செவியானாஸின் உயிர் பியென் பராதோவில்தான். மூன்றெண்ணிக்கை சக்கரம்போல் சுழல்வது, தானாக நிற்காது. அதை எல்லாரும் சேர்ந்து ஒரே அடியில் நிறுத்துகிறார்கள். நின்ற மறுகணம் சிரிப்பு வெடிக்கும். நிறுத்தம் எந்த ஸ்கேலில் விழுந்தது என்று அப்போது யாருக்கும் கவலையில்லை.

மறுபுறமும் உண்டு. அமிகோஸ் தெ ஹினேஸ் குழு பாடிப் புகழ்பெற்ற 'எல் அதியோஸ்' ஒரு செவியானாஸ்தான். அதே நான்கு கோப்லா, அதே நிறுத்தங்கள். ஆனால் நண்பன் பிரிந்துபோவதைப் பற்றிய பாட்டு. வழியனுப்பும் இடங்களில் பாடி அழுகிறார்கள். அதனால் உங்கள் குறிப்பேட்டில் 'மனநிலை' என்ற கட்டத்தில் ஒரே சொல்லை எழுதாதீர்கள். எங்கே பாடுகிறார்கள், எத்தனை பேர், வரிகள் எதைப் பற்றி என்று மூன்றையும் எழுதுங்கள். ரோசீயோ பாதைக்கு ஒன்று, கசேத்தாவுக்கு ஒன்று, பிரியாவிடைக்கு ஒன்று என்று தானே பிரிந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது

முதலில் 1931-இல் வெளிவந்த இசைத்தட்டுத் தொகுப்பு. கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்கா தாம் திரட்டி ஒழுங்குபடுத்திய நாட்டுப்பாடல்களுக்குப் பியானோ வாசிக்கிறார். லா அர்ஹென்தினீத்தா பாடி, காஸ்தனுவேலாஸும் வாசிக்கிறார். அதில் 'பதினெட்டாம் நூற்றாண்டுச் செவியானாஸ்' என்று ஒன்று உண்டு. கூட்டமில்லை, கூவலில்லை. அமைப்பைத் தனியே கேட்க இதைவிட நல்லது கிடைக்காது. பழைய தட்டின் இரைச்சலுக்குக் காது பழக இரண்டு முறை கேட்க வேண்டும்.

அடுத்து கார்லோஸ் சாவுரா 1992-இல் எடுத்த 'செவியானாஸ்' படம். கதை கிடையாது, வெற்று அரங்கு, வெளிச்சம், ஒன்றன்பின் ஒன்றாகப் பலவகைச் செவியானாஸ். பாக்கோ தெ லூசியாவும் மனோலோ சன்லூக்காரும் இரட்டைக் கிட்டாராக வாசிக்கும் பகுதியில் பாட்டே இல்லை. கால், கை, கை பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கமரோன் தெ லா இஸ்லா பாடும் பகுதியைச் சுருதிப்பெட்டியோடு கேளுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார்.

மூன்றாவதாக, பெயர் தெரியாத ஏதாவது ஒரு கசேத்தாப் பதிவு. கைப்பேசியில் யாரோ எடுத்தது, தட்டுமுட்டுச் சத்தத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. சலீதா எங்கே என்று கண்டுபிடியுங்கள். மூன்று பகுதிகளை விரல்விட்டு எண்ணுங்கள். மூன்றாவதின் முடிவு நெருங்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு காத்திருங்கள். அவர்களோடு நீங்களும் சரியாக நின்றுவிட்டால், அடுத்த முறை பதிவைத் தொடங்கும் முன் ஆடியோ அளவைக் கூட்டிவையுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பேச்சுச் சத்தத்துக்கு அடியில், கிட்டார்க்காரர் அடுத்தவர் குரலுக்காகச் செஹியாவைக் கழற்றி மாட்டும் சிறு கிளிக் சில பதிவுகளில் கேட்கும்.